எப்போதும்போல் மூச்சு விடுங்கள்

குர்கானில் எங்கள் அறைக்கு ஜன்னல் கிடையாது.
கதவின் கனம் நாலு எருமை.
ஆராஸ் மொகம்மத் முதல் நாளே
அதைக் கையால் தள்ளிப் பார்த்தார்,
விலை பேச வந்தவர்போல்.

நாற்பது வருடம் அறுவடை இயந்திரம் ஓட்டியவர்.
ஆக் கலாவிலிருந்து எல்லைக் கம்பிவரை
எந்தக் கோதுமைக் கதிர் எப்போது சாயும் என்று
இவருக்குத் தெரியும் என்றாள் மனைவி ஒகுல்னபாத்.
என் இயந்திரத்தையும் ஒரு சுற்று சுற்றிவந்து கேட்டார்:
இதற்கு எண்ணெய் எங்கே விடுவீர்கள்?

மார்பில் ஒன்று, விலாவுக்கு ஒன்றாய் இரண்டு.
ஊசிமுனை மையில் மூன்று புள்ளிகள்,
கடுகைவிடச் சிறியவை.
சிவப்புக் கோடுகள் தேடிவந்து அவற்றின்மேல் உட்காரும்.
உட்கார்ந்ததும் நான் ஓடிவிடுவேன்.
எல்லோரும் ஓடிவிடுவோம், அதுதான் முறை.
உள்ளே மிச்சம் இருப்பது அவரும் என் குரலும்:
எப்போதும்போல் மூச்சு விடுங்கள்.

எப்போதும்போல் என்றால் எப்படி?
ஒன்பதாம் நாள் கேட்டார்.
எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

கதிர் சுடாது. கண்ணுக்கும் தெரியாது.
வலி பிறகு வரும், கடன் கொடுத்தவன்போல்,
வீட்டை விசாரித்துக்கொண்டு.
பதினாலாம் நாள் தயிர் எரிந்தது.
பதினேழில் தண்ணீருக்கு முள் முளைத்தது.
எச்சிலை விழுங்காமல் கைக்குட்டையில் சேர்த்தார்.
எடை பார்க்கையில்
காலணியைக் கழற்ற மறந்ததுபோல் நடித்தார்.
அரைக் கிலோவைக் கழித்து எழுதிக்கொண்டேன்.
இருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

இருபத்தொன்றில் இயந்திரம் நின்றது.
உதிரிபாகம் தெஹ்ரானில் சுங்கத்தில் கிடந்தது,
நாலு நாள்.
வராந்தாவில் ஒருவன் சுவரை உதைத்தான்.
இவர் சொன்னார்:
அறுவடை நடுவில் பெல்ட் அறுந்தால்
மழையைத் திட்டு, முதலாளியைத் திட்டு,
இயந்திரத்தை மட்டும் திட்டாதே,
அதற்குக் காது கேட்கும்.

கடைசி நாள்.
சட்டைப் பொத்தான் போட்டபடி கேட்டார்:
இந்தப் புள்ளிகள் அழியுமா?
அழியாது.
நல்லது.
என்னைக் குளிப்பாட்டுகிறவன் இது என்னவென்று கேட்பான்,
இவள் ஏதாவது பொய் சொல்லட்டும்.
ஒகுல்னபாத் அவர் தோளில் ஓங்கி அடித்தாள்.
அடித்த இடத்தையே தடவினாள்.

அப்புறம் பிளாஸ்கைத் திறந்தாள்.
கொதிக்கக் கொதிக்கக் குடிப்பதுதான் அங்கே தேநீர்;
ஆறியதை ஊற்றினால் விருந்தாளி கோபித்துக்கொள்வார்.
டாக்டர் தடுத்த நாளிலிருந்து
அவர் கோப்பையைக் கன்னத்தில் வைத்துக் காத்திருக்கிறார்.
கால் மணி நேரம்.
பிறகு ஒரு வாய்.
தொண்டை முடிச்சு மேலே ஏறி
நின்று
இறங்கியது.
நாங்கள் மூவரும் அதையே பார்த்தோம்,
அவரும்கூட, எதிரே கண்ணாடியில்.

ஆறு வாரம் கழித்து ஸ்கேன்.
அதுவரை யாருக்கும் எதுவும் தெரியாது.

எனக்கும் ஒரு கோப்பை கொடுத்தாள்.
அடுத்த பெயரைக் கூப்பிடும் அவசரத்தில்
அப்படியே குடித்தேன்.
நாக்கு வெந்தது.
அவர் பார்த்தார்.
ஒன்றும் சொல்லவில்லை.