நான்கு இறக்கங்கள்

பன்னிரண்டு மணியிலிருந்து ஒன்றரை வரை
இந்த ஊருக்கு மேலே விமானம் சுற்றக்கூடாது.
மக்கள் சாப்பிடுகிறார்கள்.
இப்போது பதினொன்று முப்பத்தைந்து.
இரண்டு சுற்றுக்கு நேரமிருக்கிறது என்கிறாள் ஸோரா அமாஹர்,
என்னைவிடப் பதினேழு வயது இளையவள்,
அதிமதுர மிட்டாயை மெல்வதை நிறுத்தாமல்.

வாரத்தில் ஐந்து நாள் பெர்னில் ட்ராம் ஓட்டுகிறேன்.
தண்டவாளம் போகும் இடத்துக்கு நானும் போவேன்.
நிற்கவேண்டிய கோட்டில் நிற்பேன்,
தள்ளுவண்டியில் தூங்கும் பிள்ளை விழிக்காமல்.
லாங்கந்தாலுக்கு வெளியே, இந்தப் புல் ஓடுபாதையில்
அந்தப் பெருமை செல்லாக்காசு.

முதல் சுற்றில் தரை திடீரென்று வந்தது.
வந்தது என்பது பொய்,
நான்தான் அதன்மேல் போய் விழுந்தேன்.
எகிறினோம்.
மறுபடி எகிறினோம்.
மூன்றாவதை ஸோரா தன் கையில் வாங்கிக்கொண்டாள்.
அலுவலகத்திலிருந்து க்ரூட்டர் வானொலியில் கேட்டார்:
ஒன்று என்று எழுதவா, மூன்று என்றா?

"சக்கரத்துக்கு முன்னால் பார்க்கிறாய்.
பாதையின் கடைசியைப் பார்.
வெள்ளைப் பிளாஸ்டிக் சுற்றிய புல் உருளைகள் இருக்கும்,
எண்ணிக்கொண்டே வா."

பீஸ் அடிக்கிறது.
வடகிழக்கிலிருந்து வரும் இந்தக் குளிருக்கு
எங்களிடம் வாடை என்று பெயர்.
பெயர் தெரிந்தவள் என்று அது தயவு காட்டவில்லை.
மூக்கு ஒரு பக்கம், போக்கு ஒரு பக்கம்,
நண்டு நடையில் ஊரைக் கடக்கிறோம்:
தேவாலயக் கூம்பு, மர ஆலை,
யாரோ கழுவிக் கவிழ்த்த நீலத் தொட்டி.

வலது இறக்கையைக் காற்றுக்குள் சாய்க்கிறேன்,
இடக்காலை அழுத்துகிறேன்.
ட்ராமில் என் கால் கற்றது ஒன்றே ஒன்று:
மிதித்திருந்தால் ஓடும், எடுத்தால் நிற்கும்.
இங்கே அது
பொட்டுப் பொட்டாகப் பேசப் பழகவேண்டியிருக்கிறது.

விசையைக் குறைத்ததும் காற்றின் சத்தம் மட்டும்.
"இறங்காதே" என்கிறாள்.
என்ன?
"இறங்க விடாதே. பிடி. இன்னும் பிடி."

ஒரு முழ உயரம்.
பாலாடையைக் கிழியாமல் எடுக்கும் விரலால்
பிடியை என் பக்கம் இழுக்கிறேன்.
ஐந்து, ஆறு, அந்த மூலையில் ஏழு,
பறக்க முரண்டுபிடித்த சின்ன உடம்பு
சலித்துப்போய்த் தானே தணிகிறது, எட்டு,

வலது சக்கரம் புல்லில் எப்போது பட்டதென்று தெரியவில்லை.
இடதின் சத்தம் கேட்டது.
மூக்கை மட்டும் கடைசிவரை
நான் கீழே விடவில்லை.

ஸோரா ஒன்றும் சொல்லவில்லை.
மிட்டாய் உறையை என் பக்கம் நீட்டினாள்.
கசப்பு.
எரிபொருள் தொட்டியருகே திரும்பும்போது
பன்னிரண்டு மணி அடித்தது,
உருளைகள் ஒன்பது இருந்தன.

ரசீதில் க்ரூட்டர் நான்கு இறக்கங்கள் என்று எழுதியிருந்தார்.
திருத்தச் சொல்லவில்லை.