லிட்டருக்கு எத்தனை

ஒண்டிக்கடையில் எல்லோரும் சொன்னார்கள்:
பழசைக் கொடுத்தால் புதுசுக்கு வரியில் தள்ளுபடி,
கம்பெனிக்காரன் தனியாக ஒரு தொகை குறைப்பான்.
நிறையக் குடித்த வண்டி செத்ததற்கு
அத்தாட்சி கொண்டுவந்தால்
குறைவாகக் குடிக்கும் வண்டி வாசலுக்கு வரும்.

என் ஆம்னி மலை ஏற லிட்டருக்கு ஒன்பது.
நாகலூர், செம்மநத்தம், மஞ்சக்குட்டை.
எஸ்டேட் லைன்களில் விடிகாலையில் எடுத்த ரத்தம்
பதினோரு மணிக்குள் சேலம் லேபில் இருக்க வேண்டும்.
குப்பிக்கு எனக்கு நாற்பது ரூபாய்.
அதில் பெட்ரோல் எவ்வளவு, நான் எவ்வளவு?
இருபது கொண்டை ஊசி வளைவிலும்
போட்டுப் பார்த்திருக்கிறேன்.
கடைசி வளைவில் கணக்கு உதைக்கும்.

விண்ணப்பத்தில் முதல் கட்டம்:
உரிமையாளர் பெயர்.
ஆர்சி புத்தகத்தைத் திறந்தேன்.
இருதயராஜ்.
ஒன்பது வருஷத்துக்கு முன்னால்
ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு
வண்டியையும் அதன் கடனையும் விட்டுப் போனவன்.
முப்பத்தோரு தவணை நான் கட்டினேன்.
காகிதத்துக்கு அதெல்லாம் தெரியாது.
"அவர் கையெழுத்து இல்லாம
இது இரும்புகூட இல்ல மேடம்"
என்றான் யார்டுப் பையன், போனில்.

அன்றைக்கு மலை இறங்கும்போது
ஆக்சிலேட்டரில் கால் வைக்கவே இல்லை.
இரண்டாவது கியர், பிரேக், இரண்டாவது கியர்.
கீழே வெள்ளைக்கல் சுரங்கம் கண்ணைக் கூசியது.
அடிவாரம் சேரும்வரை
பெட்ரோல் முள் நின்ற இடத்தில் நின்றது.
வாழ்நாளில் அது கொடுத்த மிகச் சிறந்த மைலேஜ்.
பாராட்ட நினைத்தேன். ஸ்டியரிங்கில்
பிசுபிசுப்பாக ஏதோ ஒட்டியது, துடைத்துக்கொண்டேன்.

அஸ்தம்பட்டி ரவுண்டானா பக்கத்தில் நின்றிருந்தான்.
மூக்குக்கண்ணாடி புதுசு.
வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி
டயரை உதைத்துப் பார்த்தான், வாங்க வந்தவன் மாதிரி.
"பாதி எனக்கு" என்றான்.
எதிர்பார்த்ததுதான்.
லேப் சீட்டின் பின்பக்கம் எழுதி வைத்திருந்ததை நீட்டினேன்:
தவணை முப்பத்தொன்று,
இன்சூரன்ஸ் ஒன்பது,
கிளட்ச் பிளேட் இரண்டு, ரேடியேட்டர் ஒன்று,
மழையில் ஏழாவது வளைவில் நின்றபோது
இழுத்து வந்த ஜீப்புக்கு எண்ணூறு.

வெகுநேரம் படித்தான்.
பிறகு கேட்டான்:
"புதுசு லிட்டருக்கு எத்தனை?"
"இருபத்திநாலுங்கறாங்க. மலையில பதினாறு வந்தா பெரிசு."
"பரவால்லியே" என்றான்.
அவன் பேனா எழுதவில்லை, என்னுடையதைக் கொடுத்தேன்.
பானெட் மேல் வைத்துப் போட்டான்,
பணம் என் கணக்குக்கு என்று ஒரு வரியும் சேர்த்து.
"ஜாக்கிய மட்டும் எடுத்துக்கவா?"
எடுத்துக்கோ என்றேன்.
மூன்று கிலோ இருக்கும்.
கிலோ விலையில் மனம் ஒருமுறை பெருக்கி நிறுத்தியது.

எடைமேடையில் வண்டியை ஏற்றிவிட்டு
சீட்டிலேயே உட்கார்ந்திருந்தேன்.
"எறங்குங்க மேடம்,
உங்க எடைக்கு காசு கெடையாது."
இறங்கினேன். எழுநூற்று நாற்பத்தைந்து.
டேங்கைத் திறந்து மிச்சத்தை வடித்தார்கள்,
ஒன்றரை லிட்டர், கலங்கிய மஞ்சள்.
அதற்கும் ரசீதில் ஒரு வரி உண்டா என்று கேட்டேன்.
சிரித்தார்கள்.
சீட்டுக்கடியில் கிடந்த பஞ்சு ரோலைக் கையில் கொடுத்தார்கள்.

திரும்பும்போது ஏற்காடு பஸ்.
காலி ஐஸ் பெட்டி மடியில்,
அதன்மேல் சான்றிதழ்.
ஆம்னிக்கு அண்ணன் போலிருந்தது பஸ்,
இருமி இருமிக் கறுப்புப் புகை விட்டு ஏறியது.
ஜன்னலைச் சாத்திவிட்டு முழுதாகப் படித்தேன்.
அடியில் பொடி எழுத்தில்:
சலுகையை வேறொருவர் பெயருக்கு மாற்ற
உரிமையாளர் இங்கே கையொப்பமிட வேண்டும்.
கீழே ஒரு கோடு, காலியாக.

முதல் மணியிலேயே எடுத்தான்.
"ஜாக்கி கனமா இருக்கு" என்றான்.
பின்னால் டவுன் பஸ் ஹாரன்,
இன்னும் வீடு போய்ச் சேரவில்லை போல.
ஆறாவது வளைவு தாண்டினால் சிக்னல் போய்விடும்.
இது நான்காவது.