பொடி வைத்து ஊதுதல்

பாடாங் செராயில் எங்கள் இருவருக்கும் நடுவே ஒரு சாலை.
இந்தப் பக்கம் தான் பூன் லெங்கின் அடகுக்கடை,
கம்பிக்குப் பின்னால் நான்.
அந்தப் பக்கம், சைக்கிள் கடைக்கும் சலூனுக்கும் இடுக்கில்
எட்டடி அகலத்தில்
என் வீட்டுக்காரர், ஞானசிகாமணி பத்தர்.

அவர் செய்வார். நான் எடைபோடுவேன்.
மாசம் இருபதுக்கு மேல்
அவர் செய்தது சாலையைக் கடந்து என்னிடம் வரும்.
தோட்டத்தில் சம்பளம் போட்ட வாரம்
கழுத்துக்குத் திரும்பிவிடும்.

உரைகல்லில் ஒரு இழுப்பு போதும்,
யார் கை என்று தெரிந்துவிடும் எனக்கு.
மெஷினில் அடித்தது ஒன்றுமே பேசாது.
இவருடையதில் வளையத்துக்குப் பக்கத்தில்
பொடி கொஞ்சம் தூக்கல்;
அமிலம் பட்டால் அந்த இடம் மட்டும் கறுத்துக்
காட்டிக்கொடுக்கும்.
"உன் ஆள் செய்ததா?" என்பார் தௌக்கே.
"ஆமாம்" என்பேன்.
கால் கிராம் கழித்துக்கொள்வார்.

தாய்ப் பொன்னிலும் மாப்பொன் எடுப்பான் என்று
எங்கள் ஆட்களைப் பற்றி ஒரு பழமொழி உண்டு.
எடுத்திருந்தால்
ரெண்டு மாச வாடகை பாக்கி எப்படி என்று
பழமொழியைச் சொன்னவரே வந்து சொல்லட்டும்.

வீட்டில், சோற்றுக்கு முன்னால்,
யார் யார் வந்தார்கள் என்று கேட்கமாட்டார்.
"பற்று எங்கேயாவது விட்டிருந்துச்சா?"
அது ஒன்றுதான்.
பொடி வைத்துப் பேச வராது அவருக்கு,
வைத்து ஊத மட்டும் வரும்.

தனக்கோடியின் தாலி
ஆறு மாதமும் ஒரு வாரமும் பெட்டியில் கிடந்தது.
மூன்றாம் டிவிஷன், செம்பனையில் உதிரிப்பழம் பொறுக்குகிறவள்.
கைப்பேசிக்கு அடித்தேன்,
எண் இல்லை என்றது மலாய்ப் பெண்குரல்.
பிஸ்கட் லோரிக்காரனிடம் சொல்லி அனுப்பினேன்,
சொன்னானோ என்னவோ.
ஏலச் சீட்டை எழுதியது நான்:
பொட்டுத் தாலி ஒன்று, மூன்று புள்ளி எட்டு.

எடுத்தவர் இவர்.
நாலு மோதிரம், ஒற்றைத் தோடு, அறுந்த சங்கிலி,
எல்லாவற்றோடும் சேர்த்து, கடன் வாங்கி.
பத்திரமாய் வைத்திருப்பார் என்று
நான்தான் நினைத்துக்கொண்டேன்.
அன்று சாயங்காலமே மூசையில் போட்டார்.
திங்கட்கிழமை ஒரு வளையல் கொடுக்கணும்.
வெங்காரம் தூவினார். குழலை வாயில் வைத்தார்.
"அது தனக்கோடியோடது" என்றேன்.
கன்னம் உப்பியிருந்தது, பதில் வரவில்லை.

ஒற்றைத் தோடு முதலில் தலைசாய்ந்தது.
மோதிரங்கள் ஒன்றன்மேல் ஒன்று சரிந்தன.
தாலி ஓரத்தில் நின்றது;
பொடி வைத்த இடம் விட்டு
வளையம் மட்டும் கழன்று ஓடியது.
பிறகு எல்லாம் ஒரே துளி.
நடுங்கி, சுழன்று, கண் திறந்தது.

செவ்வாய்க்கிழமை வந்தாள்.
மைலோ டப்பாவில் நோட்டும் சில்லறையுமாய்
எழுநூற்றுப் பன்னிரண்டு வெள்ளி.
மகனுக்கு டெங்கியாம்,
சுங்கை பட்டாணி ஆஸ்பத்திரியிலேயே கிடந்தாளாம்.
எனக்கு நாக்கு எழவில்லை.
சாலைக்கு அந்தப் பக்கம் கையைக் காட்டினேன்.

தௌக்கே சாப்பிடப் போன நேரம் நானும் போனேன்.
வளையல் போக மிஞ்சியதைப்
பட்டடையில் வைத்துத் தட்டிக்கொண்டிருந்தார்.
வளையம் பற்றவைத்து, நிறுத்துக் காட்டினார்:
மூன்று புள்ளி எட்டு.
டப்பாவை எண்ணாமல் காலடியில் வைத்தார்.

"என்னுதுதானா?" என்றாள்.
"உன்னுதும் இருக்கு" என்றார்.

உள்ளங்கையில் கொஞ்ச நேரம் உருட்டிப் பார்த்தாள்.
"அப்ப மத்தவளுங்க புருசனும்
இதுக்குள்ள இருக்கானுங்களா?"

சலூனில் கத்தரிச் சத்தம் நின்றது.
பதினேழு வருசத்தில்
வாடிக்கைக்காரர் முன்னால் இவர் சிரித்து
அன்றைக்குத்தான் பார்த்தேன்.

மஞ்சள் கயிற்றில் கோத்து
ரவிக்கைக்குள் போட்டுக்கொண்டு
ஐந்தேகால் பஸ்ஸுக்கு ஓடினாள்.

இருபதாம் தேதிக்கு இன்னும் ஒன்பது நாள்.
வந்தால் உரைத்துப் பார்க்கணும்,
பொடியைக் குறைத்திருக்கிறாரா என்று.