மூன்றாம் துடுப்பு

நாளைக்கு அணிவகுப்பு.
கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை
கதவுக்குப் பின்னால்
என்னை விட நேராக நிற்கிறது.
தூக்கம் வரவில்லை.
நன்றி சொல்ல வேண்டியவர்களை எண்ணிப் பார்க்கிறேன்.
முதலில் வந்து நிற்பது
ஒரு பிடரி.

எதிரிவீரவின் பிடரி.
இரண்டு வருடம் படகில்
அவன் முதுகைப் பார்த்தே என் இருக்கை.
இடது காதுக்குக் கீழே ஒரு மச்சம்,
சனிக்கிழமைக் கத்தரி பட்ட தழும்பு,
வெயில் ஏற ஏற ஏறும் சிவப்பு.
அவன் முகத்தை விட எனக்கு அதுதான் பழக்கம்.
அது குனிந்தால் குனிவேன்,
நிமிர்ந்தால் இழுப்பேன்.
உன் பெயரின் முதல் பாதிக்குத் தமிழில்
என்ன பொருள் தெரியுமா என்று
ஒரு காவல் இரவில் சொன்னேன்.
கொடிமரத்தடியில் சிரிக்கக் கூடாது.
சிரித்தோம்.
மறுநாள் துப்பாக்கியைத் தலைக்கு மேல் பிடித்து
மைதானத்தைச் சுற்றிச் சுற்றி ஓடினோம்.
அதற்கும் நன்றி.

காலை எட்டு மணி விசிலுக்கு நன்றி.
கொடி ஏறி முடியும்வரை
எங்கே எப்படி இருந்தாலும் அப்படியே நிற்க வேண்டும்.
வாளியோடு நின்றிருக்கிறேன்,
வாய் நிறையப் பாணோடு,
ஒற்றைக் கால் சப்பாத்தோடு.
நாள் முழுக்க ஓடு ஓடு என்கிற இடம்
அந்த ஒரு நிமிடம் மட்டும்
சும்மா நில் என்கிறது.
காற்று வாக்காக இருந்தால் கோணேசர் மணியும் கேட்கும்.
கேட்டதாக நினைத்துக்கொள்வேன்.

செவ்வாய் பருப்பு.
புதன் பருப்பு.
வியாழன், பெயர் மாற்றிய பருப்பு.
மூதூரிலிருந்து முதல் படகில் வரும் ஜவ்பர் நானா
வெள்ளிக்கிழமைகளில்
என் தட்டில் மீன் வைக்காமல் கடந்து போவார்.
நான் சொன்னதில்லை.
ஒரு தடவை ஒதுக்கி வைத்ததைப் பார்த்திருக்கிறார்.

பயிற்சியாளர் வெலிவிட்டவுக்கு ழகரம் வராது.
பொலிலன், பொலிலன் என்றே இரண்டு வருடம்.
நாக்கை மடித்துக் காட்டினேன்.
அவருக்கு வேர்த்ததே தவிர வரவில்லை.
புகையறைப் பயிற்சியில்
மூச்சு முட்டி, திசை கெட்டு,
சுவர் சுவராகத் தடவியபோது
கதவு இருந்த பக்கத்திலிருந்து வந்தது
அந்தப் பிழையான பெயர்தான்.
இனி யாராவது சரியாகக் கூப்பிட்டால்
ஒரு நொடி கழித்தே திரும்புவேன்.

ஆண்டு பிறக்கும் நள்ளிரவில்
எல்லோரிலும் இளையவன் மணியடிப்பது வழக்கம்.
எதிரிவீரவை விடப் பதினொரு நாள் இளையவன் நான்.
எட்டு அடிக்க வேண்டியதை
ஒன்பது அடித்தேன்.
எல்லோரும் எண்ணிக்கொண்டிருந்தார்கள்.

துடுப்புப் போடுகிறவன்
போகிற பக்கத்தைப் பார்ப்பதில்லை.
உட்துறைமுகத்தில் படகு திரும்பி வரும்போது
விட்டு வந்த உவர்மலை முழுதாகத் தெரியும்.
எங்கள் வீட்டு நீலத் தண்ணீர்த் தாங்கி தெரியும்.
சின்ன வயதில் அதன் பக்கத்தில் நின்று
இந்தப் பக்கம் பார்த்தால்
அம்மா கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொள்வா.

லீவில் போனால்
மாமாவின் படத்தைக் கடக்கும் முன்
தொப்பியைக் கழற்றிப் பைக்குள் வைப்பேன்.
அம்மா பார்த்திருக்கிறா.
கேட்டதில்லை.
போன மாதம் நான் தூங்கி எழும்பு முன்
பையிலிருந்து அதை எடுத்து
நீலம் போட்டுத் துவைத்து
கொடியில் உலர விட்டிருந்தா.
தெருவுக்குத் தெரிகிற கொடி.
பின்வளவிலும் ஒன்று இருக்கிறது.

இரண்டு நுழைவுச் சீட்டு அனுப்பியிருக்கிறேன்.
வருவாவா தெரியாது.
பொத்தான் ஒன்று இன்னும் மினுக்க வேண்டும்.
பக்கத்துக் கட்டிலில் எதிரிவீர குறட்டை விடுகிறான்,
சுவர்ப் பக்கம் திரும்பி,
பிடரியை எனக்குக் காட்டிக்கொண்டு.