அபராதம் மறுக்கப்பட்டது

திங்கள், விடியாத நாலு மணி.
லாஸ்பேட்டை மாடியில் ஏசி குளிர்.
அங்கே அவர்களுக்கு இன்னும் ஞாயிறு சாயங்காலம்.
காதில் விழுவதை விழுந்த நொடியே
எழுத்தாக்கித் திரைக்கடியில் ஓடவிடுவது என் வேலை.

மஞ்சள் துணி ஒன்று புல்லில் விழுகிறது.
கோடுபோட்ட சட்டை மைக்கைத் திறக்கிறது:
ஹோல்டிங். தாக்கும் அணி. எழுபத்து நாலு.
எனக்கு அப்படித் தெரியல, என்கிறது ஒரு குரல்.
பிடிச்சான், ஆனா பிடிக்கல, என்கிறது இன்னொன்று.
ஸ்டுடியோவிலிருக்கும் விதி நிபுணர்
ஆறு முறை மெதுவாக ஓட்டிப் பார்த்து
இரண்டு பேரும் சரி என்கிறார்.
மூன்றையும் அடிக்கிறேன்.
நானாகக் கேள்விக்குறி போட அனுமதி இல்லை.

பக்கத்து இருக்கை பெலிசிதே:
"இருபத்திரண்டு பேரும் கட்டிப் புரளுறானுங்க,
அதுல எவன் எவனைப் பிடிச்சான்னு
எப்படிடீ கண்டான்?"

அதற்குள் அடுத்த வரி.
அபராதம் மறுக்கப்பட்டது.
மறுத்தது பிடித்தவன் அல்ல,
பிடியில் திணறியவனின் அணி.
பந்து நகரவே இல்லையாம்,
அதுவே அவர்களுக்கு லாபமாம்.

ஆறரைக்கு அஜந்தா சிக்னல்.
சிவப்புத் தொப்பிக்காரர் விசில் ஊதினார்.
நாலு வண்டி நின்றது.
ஹெல்மெட் போட்டிருந்தேன், எழுபத்து நாலைப் போலவே.
மீன்கூடைக்காரர் என்னைப் பார்த்தார்,
நான் பள்ளி வேனைப் பார்த்தேன்.
கை ஒருதரம் சுழன்றது,
போ என்றா, ஓரங்கட்டு என்றா.

ஹாண்டில்பார் மேல் விரல்கள் தாமாக அடித்தன:
விசில் ஒலி. பேச்சு தெளிவில்லை.
எல்லோரும் கிளம்பினோம்.
முதுகுக்குப் பின்னால் இன்னொரு விசில்.