ஏர் ஸ்விட்ச்

லோயர் கேம்ப்பில் வெயில்.
மூன்றாவது வளைவில்
ஹெல்மெட்டின் மேல் முதல் தூறல்.
செக்போஸ்ட்டுக்கு அந்தப்பக்கம் கொட்டுகிறது,
கோடு கிழித்து நிறுத்தினாற்போல.
அந்தக் கோட்டில்தான் எனக்குச் சோறு.
கூடலூரில் எவன் காசு கொடுத்துத் துணி காயவைப்பான்?

ஷைபி ஷட்டரைத் தூக்கும்போதே ஆரம்பித்தாள்.
நாற்பத்தெட்டு பெட்ஷீட், மூன்று ரிசார்ட்,
ஏழு மணிக்கு ஜீப் வந்துவிடும்.
கொச்சிக்காரன் போர்டை மாற்றிப்
பதினோராயிரம் வாங்கிப் போனானாம்.
மறுநாளே பழைய கதை.
அவள் தமிழ் சந்தைத் தமிழ்,
என் மலையாளம் ஸ்பேர்பார்ட்ஸ் மலையாளம்.
பேசிக்கொள்ள அது போதும்.

உருளை சுற்றுகிறது. சூடும் இருக்கிறது.
பெல்ட்டில் வெடிப்பில்லை.
பஞ்சு வலையை நேற்றுத் தட்டியிருக்கிறாள்,
அதற்குள் ஒரு விரல் கனத்துக்குச் சாம்பல் கம்பளி:
யார் யாரோ புரண்ட தூக்கம்.
இக்னைட்டர் டிக் டிக் என்று தட்டி
நீலமாகப் பற்றுகிறது.
குறை சொல்ல ஒன்றுமில்லை.

"எப்போ நிக்குது?"
"நாலரை."
"தினமுமா?"
யோசித்தாள். "ஞாயிறு நிக்காது.
போன வாரம் மழைக்கு லீவு விட்டாங்களே,
அன்னிக்கும் ஓடிச்சு."

மெஷினுக்கு எதற்குப் பள்ளிக்கூட லீவு?

பின்பலகையைக் கழற்றி
ஏர் ஸ்விட்ச்சில் மீட்டரைக் கொடுத்து
ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன்.
தகரத்தில் செய்த சின்ன நாக்கு அது.
காற்று தள்ளினால் எழும்பும்,
எழும்பினால்தான் நெருப்பு.
மீட்டர் கீ என்று இழுத்துக்கொண்டே இருந்தது.
ஷைபி கட்டன்சாயா கொண்டுவந்தாள்.
நாலு இருபத்தாறு.
நாக்கு தொங்கிவிட்டது. சத்தம் இல்லை.
நீலம் போய்விட்டது.

மழையில் பின்பக்கம் ஓடினேன்.
சுவரைத் துளைத்து வந்த புகைக்குழாய்,
அதன் வாயில் வெங்காயச் சாக்கு கட்டி
கட்டம்போட்ட பாவாடை, வெள்ளைச் சட்டை,
ஒரு ஜோடி சாக்ஸ்.
ஏலக்காய்க் கூலி லயத்துப் பிள்ளை,
குடையை என் பக்கம் சாய்க்காமல் நின்றாள்.
"அஞ்சு நிமிசம்ணே. சாக்ஸ் மட்டும் காயல."
காயாதும்மா.
நீ மூடினதும் உள்ளே தீ அணைஞ்சுபோகுது,
அது அணைஞ்சா உனக்கு ஏது சூடு?
இதை நான் சொல்லவில்லை.
சொல்ல வாய் வந்தது,
அதற்குள் அவள் சாக்ஸைப் பிழிந்து
மறுபடி கட்டினாள்.

பைக் பெட்டியில் ஏசி மாட்டுகிற ஆங்கிள் இரண்டு கிடந்தன.
குழாய்க்கு ஒரு முழம் தள்ளி
நாலு ஸ்க்ரூ, நடுவில் கம்பி.
பாவாடையை விரித்துப் போட்டேன்.
உள்ளே டிக் டிக்.
சூடு வந்து துணியைத் தூக்கியது,
ரிசார்ட் பஞ்சு பறந்து பாவாடையில் ஒட்டியது.
"பஞ்சு ஒட்டுதே," என்றாள்.
ஆமாம், ஒட்டும்.

பில்லில் "காற்றுத் தடை, நீக்கியது" என்று எழுதி
அறுநூறு போட்டேன்.
ஷைபி பின்பக்கம் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள்.
முகத்தில் ஒன்றும் பிடிபடவில்லை.
"ஆங்கிளுக்கு நான் தரமாட்டேன்."
நான் கேட்கவேயில்லை.

இறங்கும்போது உடம்பெல்லாம் நனைந்து ஒட்டியிருந்தது.
நாலாம் வளைவுக்குக் கீழே
ஆடிக்காற்று பிடித்துக்கொண்டது.
கைகாட்டி வருவதற்குள் சட்டை காய்ந்துவிட்டது.
சாக்ஸ் மட்டும் காயவில்லை.