கை மாத்தின இடம்

குருநகர் மண்டபத்தில் கரண்ட் ஒழுங்காய்த்தான் இருந்தது.
லப்டொப்புக்குத்தான் குழப்பம்.
நூற்றிப் பன்னிரண்டு என்றது,
பிறகு ஐம்பத்தாறு,
பிறகு வெறும் கோடு.

ஐம்பத்தாறும் பொய்யில்லை.
நடக்கிறவன் எண்ணினால் ஐம்பத்தாறு,
ஆடுகிறவன் எண்ணினால் அதில் இரட்டை.
அந்தக் கோடுதான் விளங்கவில்லை.

மாப்பிள்ளையின் தகப்பன் தந்த பென் டிரைவ்.
தொண்ணூற்று மூன்றில், இதே தெருவில்,
நாலு பெடியள் வாசித்த பைலா.
"கேக் வெட்டின கையோட இதைப் போடு தம்பி,
பிறகு உன்ர டங்கு டங்கு."

என்ர டங்கு டங்கு நூற்றி இருபத்தெட்டு.
விடிய விடிய விட்டாலும்
நூற்றி இருபத்தெட்டு.

ஹெட்போனை ஒரு காதில் வைத்து
மணிக்கூட்டைப் பார்த்தேன். பதினைந்து செக்கன்.
இருபத்தெட்டு அடி, நாலால் பெருக்கு.
இரண்டாம் சரணத்தில் முப்பது.
கடைசியில் முப்பத்திரண்டு!

டிரம் அடித்தவனுக்கு என்ன அந்தரமோ என்று நினைத்தேன்.
பாடினவனின் குரலும்
வர வரப் பூனைக்குட்டியாகிக்கொண்டிருந்ததைப்
பிறகுதான் கவனித்தேன்.
சுருதியும் சேர்ந்து ஏறினால்
அது அடித்தவன் பிழையில்லை.

ஊதாச் சேலை, கையில் ரோல்ஸ் தட்டு.
மிக்சருக்கு மேலால் எட்டிப் பார்த்து
பெனடிக்ரா அன்ரி சொன்னா:
"அது நான்."

கரண்ட் இல்லாத யாழ்ப்பாணம்.
கவிழ்த்து வைத்த சைக்கிள், அதன் டைனமோவில் ரெக்கோடர்.
பெடலைக் கையால் சுற்ற ஒரு ஆள் வேணும்.
"பதினாலு வயசு எனக்கு. நிப்பாட்டாதை எண்டவங்கள்.
ஆறு நிமிசப் பாட்டெண்டு
ஒருத்தனும் சொல்லேல்லை."

எனக்கு அப்போதுதான் கணக்குப் பிடிபட்டது.
கை சோரச் சோர ரேப் இழுபட்டு ஓடியிருக்கும்.
இழுபட்டுப் பதிந்ததை
நல்ல கரண்டில் போட்டால் பறக்கும்.
அன்ரி களைக்கக் களைக்கப்
பாட்டு ஓட்டம் பிடித்திருக்கிறது.

நடுவில் ஒரு இடம்,
கிறீச் என்று குரல் துள்ளி இறங்கியது.
"இதில கை மாத்தினனான்" என்றா,
வாய் நிறைய ரோல்ஸுடன்.

கேக் வெட்டினார்கள்.
சிங்க் பொத்தானை அணைத்தேன்.
பைலாவை அதன் போக்கில் விட்டேன்,
பூட்டவுமில்லை, நேராக்கவுமில்லை.
ஆட வந்தவர்களுக்கு ஏன் கால் விரைகிறதென்று தெரியாது,
சிரித்துக்கொண்டே விரைந்தார்கள்.
அடுத்த தட்டில் என்ர பாட்டு
காதுக்குள் மட்டும் அடித்துக்கொண்டு நின்றது.
முதலில் இரண்டும் கல்லுரோட்டில் வண்டில் மாதிரி.
பிறகு கொஞ்சம் கிட்ட.
இன்னும் கிட்ட.

முப்பத்திரண்டு.
அந்தக் கை இனி ஏலாது என்ற இடத்தில்
இரண்டு அடியும் ஒரே அடியாய் விழுந்தன.
ஃபேடரைத் தள்ளினேன்.

ஸ்பீக்கர் பக்கம் நின்ற அன்ரி
தட்டை வலக்கையிலிருந்து
இடக்கைக்கு மாத்தினா.

"சத்தத்தைக் கூட்டடா!" என்று யாரோ கத்தினான்.
கூட்டினேன்.
வேகத்தைத் தொடவில்லை.